மூன்று திரைகளும் ஒரு வெள்ளைப் புடவையும்

எங்கள் ஆல்பம் லேபில் மூன்று திரைகள். வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, மூன்றிலும் எதுவும் எழுதாத ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தேன். முதல் திரை, நீலம் கொஞ்சம் கூடிப்போன பள்ளிச் சட்டை. இரண்டாவது, ஒரு வாரம் வெயிலில் கிடந்த செய்தித்தாள். மூன்றாவது, இளநீர் வழுக்கை. ஒவ்வொன்றும் தான்தான் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்து எழுதினேன். ஒன்று: நீலம். இரண்டு: மஞ்சள். மூன்று: பச்சையா சாம்பலா, அளந்தால்தான் தெரியும்.

லேப், தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு முதல் மாடி. கீழே மருந்துக் கடை. கல்யாணப் போட்டோகிராபர்கள் படங்களைக் கொண்டுவருவார்கள். நாங்கள் நிறம் திருத்தி, பக்கம் அமைத்து, அச்சிட்டு, அட்டை போட்டுக் கொடுப்போம். அதற்கு முன் இரண்டு வருடம் சிறுசேரியில் ஒரு பெரிய அலுவலகத்தில் கைப்பேசித் திரைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். நூற்றுக்கணக்கான சோதனைகள் கொண்ட பட்டியலில் பதினான்கு வரிகள் என்னுடையவை. அந்தத் திரையில் யார் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆல்பம் அப்படியில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துவிடலாம். அதற்காகத்தான் மாறினேன். அம்மாவுக்குத்தான் வருத்தம்.

“சிறுசேரின்னா சொந்தக்காரங்களுக்குப் புரியும். ஆல்பம் கடைன்னு எப்படிடி சொல்றது?”

“கலர் இன்சார்ஜ்னு சொல்லும்மா.”

“அது இன்னும் புரியாது.”

லேப் ஓனரிடம் நான் கேட்டது ஒரே ஒரு பொருள்: திரையை அளக்கும் கருவி. உள்ளங்கை அளவில் வட்டமாக இருக்கும். திரையின் நடுவில் முகம் கவிழ்த்துத் தொங்கவிட வேண்டும். கணினி ஒவ்வொரு நிறமாகக் காட்டும். கருவி அதைப் பார்த்து, கேட்ட சிவப்பு வந்ததா, கேட்ட வெள்ளை வந்ததா என்று எண்ணாகச் சொல்லும். எவ்வளவு பிசகு என்று தெரிந்ததும் மென்பொருள் அதைத் திருத்தி வைக்கும். கருவி வந்த அன்று, பதினாறு வருடமாக அங்கே இருக்கிற டிசைனர் அண்ணன் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். இரும்புலியூர்க்காரர்.

“இன்னாமா இது, மானிட்டர்ல வடை தொங்குது?”

“மீட்டர் அண்ணா. கலர் அளக்கும்.”

“நாலு நிமிஷமா தொங்கிகினு கீது, ஒரு சொட்டு எண்ணெய் வடியல. நல்ல வடைதான்.”

அன்றிலிருந்து அதற்கு வடை என்றே பெயர். எனக்கு ‘மீட்டர் மேடம்’.

அவருக்கும் இன்னொரு டிசைனருக்கும் புரிவதற்காக ஒரு தாளில் சொற்களுக்குப் பொருள் எழுதி, சுவரில் ஒட்டினேன். ஒயிட் பாயின்ட்: இந்தத் திரை எதை வெள்ளை என்று நம்புகிறது என்பது, தும்பைப் பூவையா, பாலையா, கோராத் துணியையா. காமா: கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் படிக்கட்டு, நடுவில் ஒரு படி உயரமாக இருந்தால் முகத்தில் நிழல் விழும் இடம் கறுத்துவிடும். கேமட்: ஒருவரிடம் உள்ள கலர் பெட்டி, திரையின் பெட்டி பெரியது, தாளின் பெட்டி சிறியது, அதனால் திரையில் பார்த்த கிளிப்பச்சை தாளில் அப்படியே வராது. டெல்டா ஈ: வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் நடுவே உள்ள தூரம்; ஒன்றுக்குக் கீழே என்றால் யாருக்கும் தெரியாது, ஐந்தைத் தாண்டினால் மாப்பிள்ளை வீட்டுக்கே தெரியும். ப்ரொஃபைலுக்குத்தான் வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் ‘ஜாதகம்’ என்று எழுதினேன். ஒவ்வொரு கருவியும் எங்கே நல்லது, எங்கே கெட்டது என்ற குறிப்பு. இரண்டு ஜாதகத்தையும் வைத்துத்தான் திரையின் நிறத்தைத் தாளுக்குக் கொண்டுபோக முடியும்.

டிசைனர் அண்ணன் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

“மானிட்டருக்கு ஒரு ஜாதகம், ப்ரின்டருக்கு ஒரு ஜாதகம். அப்ப நீ இன்னாமா, கல்யாண ப்ரோக்கரா?”

“ஆமாண்ணா. பொருத்தம் பாக்கிறேன்.”

“பொருத்தம் கீதா?”

“பத்துக்கு எட்டு.”

திரைகளை அளந்து திருத்திய முதல் வாரம், ‘ஸ்க்ரீன் மஞ்சளா கீது’ என்று அவர் ஓயாமல் சொன்னார். அதுவரை நீலத் திரையிலேயே வேலை பார்த்த கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். அச்சிட்டுக் காட்டினேன். திரையில் இருந்ததே தாளில் இருந்தது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். அன்றும் அப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்த இரண்டரை மாதத்தில் நிறத்துக்காக ஒரு ஆல்பம்கூடத் திரும்பி வரவில்லை. நான் சனிக்கிழமைதோறும் அளந்து, ஒவ்வொரு திரைக்கும் அறிக்கை எடுத்து, கோப்பில் சேர்த்தேன். என் கோப்பைத் தொட்டுப் பார்ப்பதே எனக்கு இன்பமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்று நான் வீட்டுப் பூஜைக்காக மதியமே அஸ்தினாபுரம் போய்விட்டேன். மறுநாள் விஜயதசமி. “நல்ல நாள்மா, மூணையும் புதுசா ஆரம்பிச்சுடு” என்றார் ஓனர். சனிக்கிழமைக்காகக் காத்திராமல் மூன்று திரைகளையும் புதிதாக அளந்து திருத்தினேன். அறிக்கையில் மூன்றுமே தேர்ச்சி. தூரம் ஒன்றுக்கும் கீழே.

மாலையே டிசைனர் அண்ணன் சொன்னார்: “ஸ்க்ரீன் நீலமா கீது மா.”

“போன தடவை மஞ்சள்னு சொன்னீங்க.”

“அப்ப மஞ்சளா இருந்துச்சு, சொன்னேன். இப்ப நீலமா கீது, சொல்றேன். தாளை வச்சுப் பாரு.”

நான் தாளை வைத்துப் பார்க்கவில்லை. அறிக்கையை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “பேப்பர் ரெண்டு பேர் கைலயும் கீது. உன் பேப்பர்ல நம்பர் கீது, அதான் வித்தியாசம்” என்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தில் எல்லாம் அரக்குப் புடவைகள், மாம்பழ நிறப் பட்டு, தங்க நகை. ஒரு போட்டோகிராபர், “நகை நல்லா மின்னுது” என்றுகூடப் பாராட்டினார். சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பிறகு அந்த சர்ச் கல்யாணம் வந்தது. எங்களுக்கு வருகிற வேலையில் பாதியைக் கொடுக்கும் போட்டோகிராபர் கொண்டுவந்தது. மணப்பெண் வெள்ளைப் பட்டில், மெல்லிய வெள்ளி ஜரிகையோடு. டிசைனர் அண்ணன் நிறம் திருத்தினார், நாங்கள் மாதிரிப் பக்கங்கள் அச்சிட்டுக் கொடுத்தோம். இரண்டு நாளில் திரும்பி வந்தன. புடவை சந்தன நிறத்தில் இருந்தது.

“பொண்ணோட அம்மா என்னை நிக்க வச்சுக் கேட்டாங்க” என்றார் போட்டோகிராபர். “‘நாங்க சந்தன கலர் எடுக்கவே இல்லியே தம்பி’ன்னு.”

நான் உடனே டிசைனர் அண்ணனைத்தான் நினைத்தேன். படங்களின் கோப்பைக் கணினியில் திறந்து பார்த்தேன். புடவையில் நீலம் குறைந்து மஞ்சள் தூக்கலாக இருந்தது. சர்ச்சுக்குள் மஞ்சள் விளக்குகள், அதனால் நிறத்தின் எண்களை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் அவர் கை மஞ்சளை ஏற்றியிருக்கிறது என்பது தெரிந்தது. எல்லோர் முன்பும், “திரை சரியா இருக்கு அண்ணா, நீங்கதான் பழைய பழக்கத்துல ஏத்திட்டீங்க” என்றேன். அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொரு படமாகத் திருத்தினேன். புடவை திரையில் தூய வெள்ளையாகும்வரை விடவில்லை. அச்சிட்டோம். நான் சரிபார்க்கும் முன்பே போட்டோகிராபர் வந்து கையோடு வாங்கிப் போய்விட்டார்.

அதுவும் திரும்பி வந்தது. அதே சந்தனம்.

டிசைனர் அண்ணன் பக்கங்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “இப்ப யார் கைமா?”

நான் பக்கங்களை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஓனர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அதிகமாக உறைத்தது. “சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களே நேரா வர்றாங்க. அன்னைக்கும் சரியா வரலேன்னா அந்த மீட்டரைப் பெட்டியில வச்சுடலாம்மா. கலர் பழையபடி அண்ணனே பாக்கட்டும். நீ ஃப்ரன்ட் டெஸ்க்ல ஆர்டர் எடு. அதுக்கும் பொறுப்பான ஆள் வேணும் இல்ல?”

அன்று செவ்வாய். ஃப்ரன்ட் டெஸ்க் என்பது படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு மேசை, ஒரு பில் புத்தகம், பேனா கட்டிய ஒரு நூல். அங்கே உட்கார்ந்து, ‘எத்தனை பக்கம் சார், மேட்டா கிளாஸியா’ என்று கேட்கும் என்னை நான் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பட்டியல் போட்டேன். கேமராவிலிருந்து தாள்வரை நிறம் கடந்து போகும் வாசல்கள் எல்லாம் அதில் இருந்தன: கேமரா, கோப்பு, மென்பொருள் அமைப்பு, திரை, அறை விளக்கு, கண், கை, ப்ரின்டர், மை, தாள், தாளின் மேல் ஒட்டும் படலம். பதினொன்று. ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்தேன். ஜூலையில் அச்சிட்ட சோதனை அட்டையை மறுபடி அச்சிட்டேன். பழையதும் புதியதும் இரட்டைப் பிள்ளைகள். ப்ரின்டர், மை, தாள், படலம் நான்கும் போயின. டியூப்லைட் அதே டியூப்லைட். கண்ணும் கையும் இரண்டு பேருடையவை, இரண்டிலும் ஒரே தவறு. அதனால் அவையும் போயின. திரைக்கு அறிக்கை இருக்கிறது. வியாழன் மாலை எல்லாவற்றின் மேலும் கோடு போட்டுவிட்டேன். குற்றவாளி இல்லாத குற்றம் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை காலை என் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். ஆவணி மாதம் விளையாட்டாக அதையும் வடையால் அளந்து திருத்தியிருந்தேன். அதன் பிறகு தொடவில்லை. மணப்பெண்ணின் படத்தை அதிலும் டிசைனர் அண்ணனின் திரையிலும் திறந்து, இரண்டையும் ஒட்டி வைத்தேன்.

என் மடிக்கணினியில் புடவை சந்தனமாக இருந்தது. அவர் திரையில் வெள்ளையாக இருந்தது.

அவர் கேட்காமலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் பிடித்தார். வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மடிக்கணினியின் வெள்ளையும் தாளும் ஒன்றாக இருந்தன. அவர் திரை நீலம். மூன்று வாரமாக அவர் சொன்ன அதே நீலம்.

வடையை எடுத்து மடிக்கணினியில் தொங்கவிட்டேன். நான்கு நிமிடம். தூரம் ஆறரை என்றது. இந்தத் திரை மஞ்சள், திருத்து என்றது. கண்ணெதிரே தாளோடு ஒத்துப்போகும் திரையை மஞ்சள் என்கிறது! அப்போதுதான் தெரிந்தது: நான் எழுதிய பதினொன்றில் இல்லாத ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் எதனால் அளந்தேனோ, அதை நான் பட்டியலில் சேர்க்கவேயில்லை.

கருவியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். எப்போதும் முகம் கவிழ்த்தே வைக்கிற பொருள். அதன் முகத்தை நான் வாங்கிய அன்று பார்த்ததுதான். குழிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பால்கண்ணாடி. அது பால்போல இல்லை. தந்தம்போல இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்தேன். மேலே மெல்லிய ஆடை, துணியால் இழுத்துத் துடைத்த கோடுகள். மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. டிசைனர் அண்ணன் வாங்கி முகர்ந்துவிட்டு, “சார்! இங்க வாங்க சார்! ஆயுத பூஜைக்கு எதுக்கெல்லாம் பொட்டு வச்சீங்க?” என்று கத்தினார்.

ஓனர் உள்ளறையிலிருந்து வந்தார். “எல்லாத்துக்கும்தான். ப்ரின்டர், யு.பி.எஸ்., கட்டிங் மெஷின், ஸ்டேப்ளர், வண்டிச் சாவி...”

“இதுக்கு?”

“வச்சேனே. பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சு, மறுநாள் காலைல நானே துடைச்சு உள்ள வச்சேன். இதுதான் கடையோட கண்ணுன்னு இந்தப் பொண்ணுதானே சொல்லுச்சு? கண்ணுக்கு மேலதானே பொட்டு வைப்பாங்க?”

“மேல இல்ல சார்,” என்றேன். “கண்ணுலயே வச்சுட்டீங்க.”

அவருக்குப் புரியவில்லை, விளக்கினேன். கருவி மூன்று வாரமாக மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறது. அதன் கண்ணுக்கு எல்லாத் திரையும் மஞ்சள். அதனால் மென்பொருள் ஒவ்வொரு திரையிலும் நீலத்தை ஏற்றியது. நீலத் திரையில் புடவை நீலமாகத் தெரிந்ததால் அண்ணனும் நானும் மஞ்சளை ஏற்றினோம். தாள் அந்த மஞ்சளை அப்படியே வாங்கிக்கொண்டது. அறிக்கை எழுதியதும் அதே மஞ்சள் கண் என்பதால் எல்லாவற்றுக்கும் தேர்ச்சி.

“அதாவது சார்,” என்றார் டிசைனர் அண்ணன், “நீங்க வடைக்கு வச்ச பொட்டு, நேரா போய் சர்ச்சுல பொண்ணு புடவையில ஒட்டிக்கினுச்சு.”

ஓனர் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. டிசைனர் அண்ணனிடம், “எல்லார் முன்னாடியும் உங்க கைன்னு சொன்னேன், தப்பு என்னோடது. நீங்க நீலம்னு சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்” என்றேன்.

“நான் தினம் ஒரு கலர் சொல்ற ஆளு மா. ஒண்ணு பலிச்சுப்போச்சு” என்றார்.

கேமரா லென்ஸ் துடைக்கிற திரவத்தில் மெல்லிய துணியை நனைத்து, பஞ்சுக் குச்சியில் சுற்றி, நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன், ஒரு துடைப்புக்கு ஒரு துணி. ஏழாவது துணியில் கறை வரவில்லை. கருவியை மறுபடி மடிக்கணினியில் தொங்கவிட்டேன். நாங்கள் மூவரும் நான்கு நிமிடம் நின்றே பார்த்தோம். தூரம்: பூஜ்யம் புள்ளி எட்டு.

டிசைனர் அண்ணன் விசில் அடித்தார். ஓனர் அந்த எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

மூன்று திரைகளையும் அளந்து திருத்தி முடிக்க ஒரு மணி நேரம். பிறகு இரண்டு பேரும் பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டோம்; வீட்டு நிகழ்ச்சி அவருக்கு, சர்ச் எனக்கு. நடுவில் ஒருமுறை அவர் கேட்டார்: “பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பா ஏத்தட்டா? எல்லாருக்கும் ஏத்துறதுதானே?”

“வேணாண்ணா. புடவை அதோட கலர்ல வரணும்னு இவ்ளோ பாடுபடுறோம். பொண்ணும் அது கலர்லயே வரட்டும்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே விட்டார். மாலை ஐந்து மணிக்கு எல்லாப் பக்கங்களும் என் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது போட்டோகிராபர் முதலில் ஏறி வந்தார். பின்னால் மணப்பெண், அவளுடைய அம்மா. அம்மாவின் கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொதி. மேசை மேல் பிரித்தார். உள்ளே அந்தப் புடவையே இருந்தது.

“வெள்ளையா இல்லாத புடவை எங்களுக்குக் கல்யாணப் புடவை இல்ல,” என்றார் என்னிடம். “இன்னைக்கு வச்சே பாத்துடறேன். உள்ள லைட்ல வேணாம். வெளிய வாங்க.”

எனக்கு அதைவிட நல்ல சோதனை தோன்றியிருக்காது. உள்ளே டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடலாம். பக்கங்களைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். மருந்துக் கடை வாசலில், ஜி.எஸ்.டி. சாலையின் முழு வெயிலில், நான் பக்கத்தை நீட்டிப் பிடித்தேன். அந்த அம்மா புடவையின் முந்தானையை எடுத்து, படத்தில் இருந்த முந்தானைக்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மருந்து வாங்க வந்த ஒருவரும் நின்று எட்டிப் பார்த்தார்.

நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. போட்டோகிராபரைத்தான் பிடித்தார்.

“இதை முதல் தடவையே கொடுக்கிறதுக்கு என்ன தம்பி உங்களுக்கு?”

மருந்து வாங்க வந்தவர், “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று தன் தீர்ப்பையும் சொல்லிவிட்டுப் போனார்.

மணப்பெண் அதுவரை புடவையைப் பார்க்கவேயில்லை. அடுத்த பக்கத்தை என் கையிலிருந்து வாங்கி, மோதிரம் போடும் படத்தில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நிஜக் கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“அம்மா, இங்க பாரேன். என் கை. என் கை மாதிரியே இருக்கு. நிச்சயதார்த்த ஆல்பத்துல யாரோ மாதிரி இருந்தேன்.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிற முகத்தைப் பார்க்கத்தான் வேலை மாறினேன் என்றேனே, இது பத்தாம் பக்கம்தான், பரவாயில்லை என்று இருந்தது.

போட்டோகிராபர் அங்கேயே, வாசலிலேயே, அடுத்த மாதம் மூன்று சர்ச் கல்யாணம் இருப்பதாக ஓனரிடம் சொன்னார். “கலர் இவங்களே பாக்கட்டும் சார்,” என்றார்.

“வேற யார் பாக்கிறது?” என்றார் ஓனர். ஃப்ரன்ட் டெஸ்க் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததாகவே அவர் முகத்தில் தெரியவில்லை. “இவங்கதான் எங்க கலர் இன்சார்ஜ்.”

நான் பக்கங்களை அடுக்கிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். டிசைனர் அண்ணன் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“இன்னா மீட்டர் மேடம், பத்துக்கு எவ்ளோ?”

“பத்து,” என்றேன். “பத்துக்குப் பத்து அண்ணா.”